இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் பெயரைக் கேளாதார் நம்மிடையே இலர். ஆயின், அன்னாரது ஆற்றலுக்கு உரைகல்லாய் அமைந்த ஒரு பேரெண்ணைப் பலர் அறியார். 3,972,999,029,388 என்பதே அது.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். மனம் முழுவதும் கணிதத்திலே தோய்ந்தமையால் ஏனைய பாடங்களிற் சித்தியெய்தாது கல்லூரிப் படிப்பை இழந்தார். 1912இற் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபா சம்பளத்தில் லிகிதரானார். மறு வருடம், தாம் கண்ட முடிவுகளைக் கேம்பிறிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியனுப்பினார். அவரது முயற்சியால் 1914இல் இங்கிலாந்து சென்றார்.

அக்கடிதத்திலிருந்த கூற்றுக்களுள் ஒன்று பிழையானது. எனினும், அப்பிழையே இருவரையும் எண்பிரிவினை ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது.

எண்பிரிவினையாவது யாது? நான்கு மாம்பழங்களைக் குவியல்களாக வைக்கும் வகைகளை எண்ணிப் பார்ப்போம். நான்கும் ஒரே குவியலாக; மூன்றும் ஒன்றுமாக; இரண்டும் இரண்டுமாக; இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக; நான்கும் தனித்தனியாக. ஆக ஐந்து வகை. பத்துக்கு 42 வகை. நூற்றுக்கோ 190,569,292 வகை. எண் சிறிது வளர, வகை மலைபோல் வளரும்.

இவ்வகைகளை ஒவ்வொன்றாய் எண்ணாது கணித்தறிதற்கு இருவரும் ஒரு சூத்திரம் கண்டனர். அது மெய்தானா என்று சோதித்தல் வேண்டுமே! முன்னர்ப் பீரங்கிப் படையிற் கடமையாற்றிய மேஜர் மக்மகோன் என்னும் கணிதர், இருநூறு வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்குமுரிய தொகையைக் கையாலே கணித்தார். முந்திய தொகைகளைக் கொண்டே அடுத்ததைப் பெறல்வேண்டும். இடையில் ஓர் இலக்கம் தவறினும் பின்னுள்ளவை பழுதாகும். இருநூற்றுக்கு அவர் பெற்றதே மேற்சொன்ன பதின்மூன்று இலக்கப் பேரெண். ஏறக்குறைய நான்கு இலட்சங் கோடி. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புக்களைக் கூட்டியபோது வந்த விடை, அதனின்றும் 0.004 மாத்திரமே வேறுபட்டது! 1918இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. அவ்வாண்டிலேயே றோயல் சங்கமும் இராமானுஜனை அங்கத்தவராக்கிக் கௌரவித்தது.

மக்மகோனின் அட்டவணை இன்னுமொரு பயனைத் தந்தது. 4, 9, 14, 19 ஆகியவற்றுக்குரிய தொகைகள் முறையே 5, 30, 135, 490. நான்கில் அல்லது ஒன்பதில் முடியும் எவ்வெண்ணின் பிரிவினைத் தொகையும் ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்பதை இராமானுஜன் அவ்வட்டவணையிற் கண்டு, பின்னர் நிறுவியும் காட்டினார். 199க்குரிய 3,646,072,432,125 என்பதும் அவ்விதிக்கு அடங்கியதே. பிறர் வெறும் இலக்கங்களைக் கண்டவிடத்து அன்னார் ஒழுங்கைக் கண்டார்.

1917இல் நோயுற்ற அவர், 1919இல் தாயகம் திரும்பினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் திகதி, முப்பத்திரண்டு வயதிற் சென்னையிற் காலமானார்.

கூரிய அறிவிருந்தாற் போதும், உழைப்பு வேண்டாவென்று எண்ணும் இளைஞர், மக்மகோன் வரிவரியாய்ப் போட்ட கணக்கை நினைப்பாராக. பரீட்சைத் தோல்வியொன்றைக் கண்டு பிள்ளையை இகழும் பெரியோர், கும்பகோணத்து மாணவனை நினைப்பாராக. அறிவும் உழைப்பும் ஒன்றையொன்று உரைத்துப் பார்த்து ஒரே விடையை அடைந்த இடத்திலேதான் அப்பேரெண் நிற்கின்றது.