நான்காம் ஹென்றி

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு நாடு சமயப் பூசலால் இரண்டுபட்டுக் கிடந்தது. கத்தோலிக்கரும், கால்வின் நெறியைத் தழுவிய ஹியூகனாட்டுகளும் 1562-ஆம் ஆண்டு முதல் போர் புரிந்து வந்தனர். அதிகாரப் போட்டியில் இறங்கிய பெருங்குடிப் பிரபுக்களும் சமயத்தையே தம் கொடியாகப் பிடித்தனர்.

1553-இல் பிறந்த ஹென்றியை, நவார் நாட்டு அரசியாகிய அவன் அன்னை ஹியூகனாட்டு நெறியில் வளர்த்தாள். 1572 ஆகஸ்டு 18-ஆம் நாள் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் சார்லசின் தங்கையை அவன் மணந்தான். பகை தணியும் என்று கருதிச் செய்த திருமணம் அது. மணவிழாவுக்கு வந்த ஹியூகனாட்டுத் தலைவர்கள் பாரிசு நகரை விட்டு அகலுமுன், ஆறே நாட்களில், படுகொலை தொடங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மணமகனோ கத்தோலிக்கனாக மாறி உயிர் பிழைத்தான். அரண்மனையில் சிறைப்பட்டவன்போல் வாழ்ந்து, 1576-இல் தப்பிச் சென்று பழைய நெறிக்கு மீண்டான்.

1589-இல் மன்னன் மூன்றாம் ஹென்றியை ஒரு துறவி குத்திக் கொன்றான். மைந்தரில்லாத அம்மன்னனுக்குப் பின் முடி இவனுக்கே உரியதாயிற்று. ஆயினும் பாரிசு மக்கள் வேற்று நெறியினனை அரசனாக ஏற்க மறுத்தனர். 1590-இல் அவன் அந்நகரை முற்றுகையிட்டான். பசியால் மாண்டோர் பல்லாயிரவர். வாளால் வெல்ல இயலாத நகரை வேறு வழியில் அடைய எண்ணி, 1593-இல் மீண்டும் கத்தோலிக்கனானான். மனம் மாறினானா, முடிக்காக மாறினானா என்று அறிஞர் இன்றும் வழக்காடுவர். மக்களைப் பட்டினியிட்டு வெல்வதைக் காட்டிலும் இது மேலன்றோ? மறு ஆண்டு அவன் பாரிசினுள் புகுந்தபோது பெரும்போர் எதுவும் நிகழவில்லை.

1598-இல் அவன் நான்டிஸ் சாசனத்தைப் பிறப்பித்தான். கத்தோலிக்கமே அரசின் சமயமாக நிலைத்தது. ஹியூகனாட்டுகளுக்கு மனச்சான்று உரிமையும், குறித்த இடங்களில் வழிபடும் உரிமையும், அரசுப் பதவிகளும், சில அரண் சூழ்ந்த நகரங்களும் கிடைத்தன. முழுச் சமத்துவம் அன்று. பாரிசு நகரில் அவர்கள் வழிபடலாகாது. ஒரு சாரார் இது மிகுதி என்றும், மறு சாரார் போதாது என்றும் முணுமுணுத்தனர். பாரிசு உயர்நீதிமன்றம் சாசனத்தைப் பதிவு செய்யாது காலம் கடத்தியது. 1599-இல் மன்னன் நீதிபதிகளைத் தன் அரண்மனைக்கு அழைத்துக் கடிந்துரைத்த பின்னரே அது பதிவாயிற்று.

எனினும் அவன் மனமாற்றத்தை நம்பாதோர் பலர் இருந்தனர். 1610 மே 14-ஆம் நாள், பாரிசின் குறுகிய தெரு ஒன்றில் நெரிசலால் அவனது வண்டி நின்றது. ராவயாக் என்னும் சமய வெறியன் அதன்மீது ஏறி, மன்னனைக் கத்தியால் குத்திக் கொன்றான்.

சாசனம் மட்டும் மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் நின்றது. 1685-இல் அதனை நீக்கியவன் ஹென்றியின் பேரனாகிய பதினான்காம் லூயி. நெசவிலும் கடிகாரத் தொழிலிலும் தேர்ந்த ஹியூகனாட்டுகள் இலட்சத்திற்கு மேற்பட்டோர் நாடு துறந்து, இங்கிலாந்து, ஆலந்து முதலிய நாடுகளிற் குடியேறினர்.