பெற்றோரை உள்ளே அழைத்த டாக்டர்

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் பக்கத்திலேயே இருக்கிறாள். வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறாள். சூடு தணிந்ததா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். டாக்டரிடம் விவரம் சொல்பவளும் அவள்தான்.

அந்தப் பிள்ளைக்கே மனநோய் வந்துவிட்டால்?

முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு பெற்றோரின் பொறுப்பு முடிந்துவிடும். பிள்ளை மதில் சுவருக்கு உள்ளே, பெற்றோர் வெளியே. என்ன வைத்தியம் நடக்கிறது, எதற்காக அந்த மருந்து என்று கேட்கவும் அவர்களுக்கு வழி இருக்காது.

இந்த நிலையை மாற்றிக் காட்டியவர் டாக்டர் வித்யாசாகர். இவர் வங்காளத்து ஈசுவர சந்திர வித்யாசாகர் அல்ல. பஞ்சாபில் பணிபுரிந்த மனநோய் மருத்துவர்.

பாகப்பிரிவினை

1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. ஆஸ்தி, அலுவலகம், ராணுவம் எல்லாம் பங்கு போடப்பட்டன. மனநோயாளிகளும் அந்தப் பங்கீட்டில் இருந்து தப்பவில்லை. லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அமிர்தசரஸ் நகரம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அங்கே ஏற்பட்ட மனநோய் ஆஸ்பத்திரிக்கு வித்யாசாகர் தலைவரானார்.

இடம் போதவில்லை. வேலை செய்ய ஆள் போதவில்லை. நோயாளிகளோ வந்துகொண்டே இருந்தார்கள்.

அப்போது அமலில் இருந்தது 1912-ம் வருஷத்துச் சட்டம். மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி நோயாளியை உள்ளே சேர்க்கும் முறை அதில் இருந்தது. வைத்தியத்தைவிடக் காவலே அதில் பெரிதாக இருந்தது. கொண்டுவந்து விட்ட உறவினர் பலர், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. ஊரார் ஏசுவார்கள் என்ற பயம் ஒன்று. இந்த நோய் தீராது என்ற நம்பிக்கை மற்றொன்று.

கூடாரங்கள் எழுந்தன

வித்யாசாகர் யோசித்தார். கட்டிடம் கட்டப் பணம் வேண்டும், காலமும் வேண்டும். கூடாரம் அடிக்க அவ்வளவு வேண்டாமே!

ஆஸ்பத்திரித் திடலில் கூடாரங்கள் எழுந்தன. நோயாளியைத் தனியே விட்டுப் போகவேண்டாம், கூடவே தங்கலாம் என்று குடும்பத்தாரை அழைத்தார். தாய், தகப்பன், மனைவி, அண்ணன் என்று சொந்தக்காரர்கள் வந்து தங்கினார்கள். அவர்கள் கண் முன்னாலேயே வைத்தியம் நடந்தது.

டாக்டர் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். நோய் என்றால் என்ன, வீட்டில் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று விளக்கினார்.

இதனால் என்ன நன்மை விளைந்தது?

பக்கத்துக் கூடாரத்து நோயாளி குணமாவதைக் குடும்பத்தார் தாங்களே பார்த்தார்கள். பேய், பில்லி சூனியம், தீராத நோய் என்ற பழைய எண்ணங்கள் அகன்றன. மனத்தை நலமாக வைத்துக்கொள்ளும் வழிகளையும் தெரிந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குணமானவரை வெறுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அதே காலத்தில்தான் மனநோய்க்குப் புதிய மாத்திரைகளும் வந்தன. குளோர்புரோமசின் என்ற மருந்து 1952-ல் பிரான்சில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. விரைவில் உலகெங்கும் பரவியது. ஆனால் இத்தகைய மருந்தைப் பல நாள் சாப்பிடவேண்டும். தூக்கம் அதிகமாகலாம், கை நடுங்கலாம், உடம்பு பருக்கலாம். இதையெல்லாம் ராப்பகலாகக் கவனிப்பது யார்? வீட்டில் இருப்பவர்கள்தான். குடும்பத்தை ஒதுக்கிவிட்டு வைத்தியம் செய்ய முடியாது என்பதை அந்த மாத்திரைகளும் காட்டின.

தமிழ்நாட்டிலும்

திருவள்ளூரில் ரயில் ஏறி, அரக்கோணம் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை அங்கேயும் வந்தது.

வித்யாசாகர் 1978-ல் காலமானார். அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெல்லியிலும் அவர் பெயரால் ஒரு மனநல நிலையம் இருக்கிறது.

இன்று அது சட்டம்

அன்று ஒரு டாக்டர் தம் மனம் போலச் செய்தது, இன்று பிள்ளைகள் விஷயத்தில் சட்டமாகவே இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் அமலுக்கு வந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பெற்றோரோ வேறு துணையோ கூடவே தங்கவேண்டும். விவரம் கேட்டறிந்து பெற்றோர் சம்மதித்த பிறகே வைத்தியம் செய்யவேண்டும். வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று பெற்றோர் கேட்டால், பிள்ளையை அனுப்பிவிட வேண்டும். மின்சார வைத்தியத்துக்குப் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டு முடித்த தகப்பனார், ஒருநாள் சம்பளத்தை விட்டு, மகனோடு மின்சார ரயிலில் சென்னைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே ஊர் சிரிக்குமே என்று அவர் கூசவேண்டியதில்லை. டாக்டர் முன்னால் வாய் மூடி நிற்கவும் வேண்டியதில்லை. இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாளைக்கு? என்ன தொந்தரவு வரும்? வேறு வழி உண்டா? இவற்றைக் கேட்பது அவர் உரிமை.

உரிமையோடு கடமையும் உண்டு. பையன் வகுப்பில் தூங்குகிறான் என்றோ, இப்போது தேவலை என்றோ, மாத்திரையைத் தாமாகவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. கண்டதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லவேண்டும். குறைப்பதும் மாற்றுவதும் இருவரும் கலந்து பேசிச் செய்யவேண்டிய காரியம். அவசரத்துக்கு 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணும் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது.

டாக்டருக்கு நோயைப் பற்றித் தெரியும். பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் பிள்ளை தேறுவான். அமிர்தசரஸ் திடலில் கூடாரம் அடித்து வித்யாசாகர் காட்டிய வழி அதுவே.