பறிபோன ராஜபார்ட்

குழந்தைகளே! விளையாட்டில் எப்போதும் ராஜாவாகவே இருக்க உங்களுக்கு ஆசைதானே? அந்தக் கால நாடகக் கம்பெனிகளில் அது நடக்காது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் பிரிந்திருக்கும். யாருக்கு எந்த வேடம் என்பதைக் குரலும் தோற்றமும்தான் முடிவு செய்யும்.

1916இல் புதுக்கோட்டையில் பிறந்த பி.யு.சின்னப்பா, சிறு வயதிலேயே நாடகத்தில் சேர்ந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட் நடிகராக உயர்ந்தார். ஆனால், வளரும் வயதில் குரல் உடைந்தது. பாட முடியாதவருக்கு ராஜபார்ட் ஏது? கம்பெனியிலிருந்து விலகினார்.

அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. முறைப்படி சங்கீதம் கற்றார். சிலம்பம் பழகினார். உடற்பயிற்சி செய்து உடலை உரமாக்கினார். 1936இல் சினிமாவுக்கு வந்தார்.

1940இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் நல்லவன், கெட்டவன் என்று அவருக்கு இரட்டை வேடம். 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' மாயாஜாலக் கதை. அதில் ஒரு பாட்டுக் காட்சியில் பாடுபவரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே! ஒரே திரையில் ஐந்து சின்னப்பா! மந்திரமா? இல்லை. பாதி கேமரா தந்திரம், மீதி அவருடைய உழைப்பு.

1951இல், 35 வயதிலேயே அவர் காலமானார்.

ஒரு வேடம் கைநழுவினால் கலங்காதீர்கள், செல்லங்களே. அடுத்த வேடத்துக்குத் தயாராகுங்கள்!