வாதாபியை வென்ற தளபதி வீடு திரும்பிய பிறகு என்ன செய்தார்?

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் அது பல்லவர்களின் தலைநகர். படை கிளம்பிப் போன ஊர், படை திரும்பி வந்த ஊர். திரும்பி வந்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த ஒருவர் பரஞ்சோதி. அவர் ஜெயித்த போர் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் நடந்ததுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

யார் இந்தப் பரஞ்சோதி?

சொந்த ஊர் திருமருகல் பக்கம் உள்ள திருச்செங்காட்டங்குடி. மருத்துவமும் வடமொழிக் கலைகளும் படித்தவர். ஆயுதப் பயிற்சியிலும், யானை, குதிரை ஏற்றத்திலும் தேர்ந்தவர். பல்லவ மன்னரிடம் படைத்தலைவர் ஆனார்.

அப்போது பல்லவர்களுக்குப் பெரிய தலைவலி சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் வரை சண்டை வந்தது. அங்கே புலிகேசியைத் தோற்கடித்த முதலாம் நரசிம்மவர்மரின் படை, 642 வாக்கில் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பிடித்தது. இன்றைய கர்நாடகத்தின் பாதாமிதான் அது. காஞ்சியிலிருந்து சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள பாறையில் பல்லவர் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

பரஞ்சோதியின் கதையை நமக்குச் சொல்வது சுமார் 500 ஆண்டுகள் கழித்துச் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். அதில் மன்னர் பெயர் இல்லை. அவர் நரசிம்மவர்மர்தான் என்பது ஆய்வாளர்கள் வந்த முடிவு.

ஜெயித்தவரிடம் மன்னர் ஏன் மன்னிப்புக் கேட்டார்?

வாதாபியைத் தூளாக்கி, மணிகளும் யானைகளும் குதிரைகளுமாகத் திரும்பினார் பரஞ்சோதி. மன்னர் வியந்து பாராட்டியபோது, அவர் ஒரு சிவனடியார் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். மன்னர் பதறிப்போனார். அப்படிப்பட்டவரைக் கொடும் போருக்கு அனுப்பிவிட்டோமே என்று வருந்தி, பொறுத்தருளச் சொன்னார். நிறையப் பொருள் கொடுத்து, ஊருக்குப் போய் விரும்பிய தொண்டைச் செய்யும்படி விடை கொடுத்தார்.

பரிசு கொடுத்து அனுப்புவது எல்லா அரசர்களும் செய்வதுதான். ஆனால் உன்னை அனுப்பியது நான், அந்தப் பாரம் என்னுடையதும்தான் என்று ஓர் அரசர் ஒப்புக்கொள்வது ரொம்ப அபூர்வம்.

வீட்டில் என்ன வேலை?

ஊருக்குத் திரும்பிய பரஞ்சோதி, மனைவி திருவெண்காட்டு நங்கையோடு சேர்ந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தினமும் அடியார்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவது. விருந்தாளியைத் தேடிப்போவது அவர் வேலை. வீட்டைப் பார்த்துக்கொண்டது நங்கையும், உதவிக்கு இருந்த சந்தனத் தாதியும்.

படையே கட்டளைக்குக் காத்திருந்த மனிதர், வந்தவர்கள் முன்னால் தன்னைச் சின்னவராக்கி நின்றார். சிறுத்தொண்டர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அங்கே வந்த திருஞானசம்பந்தர் தன் பதிகத்தில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லையே?

இல்லை. பிள்ளைக்கறிக் கதை பலருக்குத் தெரியும். பைரவர் வேடத்தில் வந்த சிவன் பிள்ளையைச் சமைத்துக் கேட்டார். அம்மா பிடித்துக்கொள்ள, அப்பாவே மகன் சீராளனை அரிந்தார். கடைசியில் வாசலில் நின்று கூப்பிட்டபோது, பள்ளிக்கூடம் விட்டு வருவதுபோல ஓடி வந்தான் சீராளன்.

பக்தர்களுக்கு இது அன்பின் எல்லை. திருச்செங்காட்டங்குடியில் சித்திரை மாதம் அமுது படையல் விழாவாக நடக்கிறது. இன்றைய வாசகருக்கு வயிற்றைப் பிசையலாம், அதில் தப்பில்லை. போரிலிருந்து வந்தவரின் வீட்டுக்குள்ளேயே மறுபடி கத்தி எடுக்க வேண்டி வந்தது என்றும் இதைப் படிக்கலாம். அவர் மனதில் போர் என்ன விட்டுச்சென்றது என்று புராணம் சொல்லவில்லை, நாமும் ஊகிக்க வேண்டாம். நிச்சயமாகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: நல்லதோ கெட்டதோ, அந்த வீட்டில் எதுவும் அவர் ஒருவருக்கு மட்டும் நடக்கவில்லை.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

ராணுவத்திலிருந்து திரும்பும் அப்பாவோ அண்ணனோ உங்கள் வீட்டில் இருக்கலாம். தூக்கம் வராமல் புரள்வது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, சட்டென்று எரிந்து விழுவது, யாரோடும் பேசாமல் இருப்பது எல்லாம் வரலாம். இத்தனை வருஷம் வீட்டைத் தனியாக நடத்திய அம்மாவுக்கோ அண்ணிக்கோ, திடீரென்று இன்னொருவர் உத்தரவு போடுவது எரிச்சலாக இருக்கும். இரண்டு பக்கமும் அழுத்தம்தான்.

கேள்வி மேல் கேள்வி கேட்பதைவிட, தினமும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருப்பது பலருக்கு உதவும். காய் நறுக்குவது, சாயங்கால நடை, ஒருவேளைச் சாப்பாடு, எதுவானாலும் சரி. அது போதவில்லை என்றால் உதவி கேட்பதில் வெட்கமில்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். குடும்பத்தினரும் கூப்பிடலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் 2023-ல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப்பிரிவும் தொடங்கப்பட்டது.

வாதாபியை ஜெயிக்கப் பரஞ்சோதிக்கு ஒரு படை தேவைப்பட்டது. வீடு திரும்பிய பிறகு அவர் தொண்டில் பாதி நங்கையின் கையில் இருந்தது.