உழைச்சென்ற அன்னை

குற்றாலச் சாரலில் நனைந்தால் உடல் நலம் பெறும் என்னும் நம்பிக்கை நம் பகுதியில் மிகப் பழமையானது. நலத்தை நாடி அருவிக்கு வருவோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். ஆனால் நாடி வர இயலாதவர் நிலை என்ன? வீட்டின் உள்ளறையை விட்டு வெளிவர இசைவு பெறாத பெண்ணின் நிலை என்ன? இவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தின் நிறைவுக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றுடன் 'உழைச்செல்வான்' என்பவனையும் ஒருங்கு வைத்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவனே உழைச்செல்வான். அந்த நான்காம் கூறு தமிழ் மண்ணில் வலிமை பெற்ற வரலாற்றில் அம்மையாருக்குச் சிறப்பான இடம் உண்டு.

அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி ஆற்றியவர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, பள்ளிக் கல்விக்காக அமெரிக்கா சென்றார். தாயாரின் உடல்நலம் குன்றியதால் 1890இல் திண்டிவனம் திரும்பினார். குடும்ப மரபாகிய சமயப் பணியையோ மருத்துவப் பணியையோ ஏற்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை.

ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டிற்கு வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு குலத்து இந்து. மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையார் மருத்துவர், ஆயினும் ஆடவர் கை தம் மனைவி மேல் படுவதை மூவருமே ஏற்கவில்லை. மகளோ மருத்துவம் கல்லாதவர். பொழுது புலர்வதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

மருத்துவர் அருகிலிருந்தும் அவர்கள் மாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. சமயத்தால் வேறுபட்ட மூன்று இல்லங்களிலும் வழக்கம் ஒன்றாகவே இருந்தது. நோயின் வேர் உடலில் மட்டுமன்று, சமுதாயத்திலும் உண்டு என்பதை அந்த இருபது வயது நங்கைக்கு அவ்விரவு உணர்த்தியது.

மீண்டும் அமெரிக்கா சென்ற அவர், 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதே நியூயார்க் நகரில் லிலியன் வால்ட் என்னும் செவிலியர் ஏழை மக்களின் இல்லம் தேடிச் சென்று தொண்டாற்றிக்கொண்டிருந்த காலம் அது. பொதுநலச் செவிலியம் என்னும் துறைக்கு வித்திட்டவர் அவரே.

வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய ஐடாவின் பணி, 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையாக உயர்ந்தது. ஆயினும் மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் காப்பது போதாது என்று அவர் கண்டார். மாட்டுவண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் ஊர்ப்புறச் சாலைகளில் சென்று மரநிழலில் அமர்ந்து மருந்தளித்தார். 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பிறர் உடலைத் தொட்டுப் பணி செய்தல் இழிவெனக் கருதிய காலத்தில் அப்பணியைக் கல்வியாக்கியது எளிய செயலன்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. 1946இல் வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பும் மலர்ந்தது. 1960இல் கொடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

அவர் சமயப் பணியாளர் என்பதும், கடல் கடந்து வந்த பொருளுதவி அவருக்குத் துணைநின்றது என்பதும் உண்மையே. அதுபற்றி மாற்றுக் கருத்து உடையோரும் அம்மூன்று மரணங்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள் ஆவர்.

இன்று தென்காசிப் பகுதியின் சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் செல்கின்றார். பகலெல்லாம் குனிந்து பீடி சுற்றும் கருவுற்ற பெண்ணுக்குச் சத்து மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அவர் பணி முடிந்துவிடுவதில்லை. அவள் உண்டாளா, உறங்கினாளா, மருத்துவமனைக்குச் செல்ல வீட்டார் இசைவரா என்றும் அவர் கேட்டாக வேண்டும்.

சங்க அகப்பாடல்களில் மகளைத் தேடிச் சுரத்தில் நடந்தவள் செவிலித்தாய். அப்பெயரையே நம் மொழி இப்பணிக்கும் சூட்டியிருப்பது பொருத்தம் உடையது. நம் வட்டத்துக் கவிஞர்கள் இப்பத்தாண்டுகளில் சாரலையும் அருவியையும் நிறையவே பாடிவிட்டனர். அச்சாரலில் குடை பிடித்து நம் தெருவிற்கு வரும் செவிலியை இன்னும் ஒருவரும் பாடவில்லை. வரும் ஆண்டுகளில் அக்குறை நீங்குக.