கொடைக்குத் திசை காட்டிய துணைவேந்தர்

பெருங்களத்தூரில் மின்தொடர் வண்டி ஏறிக் கிண்டியில் இறங்கும் மாணவர்க்கு அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியின் பெயர் நன்கு அறிமுகமானது. 1944இல் அது தோன்றுதற்கு வள்ளல் அழகப்பர் ஈந்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய். அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியாரை நாம் அத்துணை எளிதில் நினைவுகூர்வதில்லை.

1887 அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தார். உடன்பிறந்தவர் சர் இராமசாமி முதலியார். பயின்றது கிறித்தவக் கல்லூரியில். அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937இல்தான். அவர் பயின்ற காலத்தில் அது நகருக்குள் இருந்தது. மகப்பேற்று மருத்துவத்தில் பெரும்புகழ் ஈட்டி, 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள், துணைவேந்தர் பொறுப்பை வகித்தார்.

செல்வர் நாட்டில் எக்காலத்தும் உண்டு. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சத்திரத்திற்கும் வாரி வழங்கிய கைகள் கல்லூரியை நாடாமைக்குக் கருமித்தனம் காரணமன்று. எங்கே, எதற்கு ஈவது என எடுத்துரைப்பார் இல்லாமையே காரணம் என்பது நம் கருத்து. அக்குறையை முதலியார் நீக்கினார். 1947 ஜூலையில் திருவல்லிக்கேணியில் நடைபெற்ற கூட்டமொன்றில், உயர்கல்வி தலைநகரோடு நின்றுவிடலாகாது, சிற்றூர்ப் பகுதிகளிலும் கல்லூரிகள் எழச் செல்வர் முன்வர வேண்டும் என வேண்டினார். அவையிலிருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி அமைப்பதாக அறிவித்தார். அடுத்த திங்களே, ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கிவிட்டன! கட்டடம் எழட்டும் எனக் காத்திருந்தால் அவ்வாண்டு மாணவர்க்கு ஓராண்டு வீணாகியிருக்கும்.

கொடை அத்துடன் நிற்கவில்லை. மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருமாறு அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறக்கப்பெற்றது. பெருந்தொழில் நகரங்களை விட்டு வறண்ட செட்டிநாட்டுக்குத் தேசிய ஆய்வகம் வந்தமை வியப்புக்குரியது.

அழகப்பர் ஒருவரே அவ்வாறு ஈந்தார் என எண்ணற்க. நம் பகுதியைச் சேர்ந்த குரோம்பேட்டையில் சி. இராஜம் தம் மாளிகையை விற்று 1949இல் எம்.ஐ.டி.யை நிறுவினார். 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் தோன்றின. இஸ்லாம் சதக்கத்துல் ஜாரியா எனப் போற்றும் நிலைத்த அறத்தின் வடிவங்கள் அவை. இவ்விரண்டும் முதலியார் துணைவேந்தராயிருந்த பல்கலைக்கழகத்தின் இணைப்பிலேயே வளர்ந்தன. கொடையாளர் பணம் தர இயலும்; பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகம் தருவன. இவ்விரண்டும் கூடாத இடத்தில் கட்டடம் மட்டுமே மிஞ்சும்.

அழகப்பர் 1957இல் நாற்பத்தெட்டாம் அகவை நிறையுமுன் மறைந்தார். முதலியார் 1974 ஏப்ரல் 15 வரை வாழ்ந்தார். தரமணியிலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.