குருதியில் காற்றைப் படித்தவர்

தஞ்சைத் தரணியில் புகைக்குப் பஞ்சமில்லை. நெல் அவிக்க உமி எரியும். அடுப்படியில் விறகும் வறட்டியும் எரியும். காற்றோட்டமில்லாத சமையற்கட்டில் ஊதுகுழலோடு போராடிவிட்டு, தலைவலி என்று திண்ணையில் சாய்ந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அத்தலைவலிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகவும் இருக்கலாம். அது உடலுக்குள் எவ்வளவு புகுந்தது என்பதைச் சில துளி இரத்தத்தைக் கொண்டே அளந்து காட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1860இல் எடின்பரோவில் பிறந்தார், மருத்துவம் பயின்றார், ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்தார். 1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். அவ்வுடல்களைப் பரிசோதித்தார் ஹால்டேன். பிணத்துக்குரிய வெளிறல் பலரிடம் இல்லை. மேனி இளஞ்சிவப்பாக இருந்தது. பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பன்று, அதன் பின் பரவிய கார்பன் மோனாக்சைடே என்று அவர் நிறுவினார்.

அவ்வளவு உறுதி எப்படி வந்தது? முந்தைய ஆண்டே அந்த நஞ்சைத் தாமே சுவாசித்துப் பார்த்திருந்தார்! கால் தள்ளாடும்வரை சுவாசிப்பார். இடையிடையே தம் இரத்தத்தை எடுத்து, கார்மைன் என்னும் செஞ்சாயக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டு அளப்பார். இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு இவ்வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்த பின்னும் அதில் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகவே காற்று கலைந்து போனாலும் இரத்தம் சாட்சி சொல்கிறது. புகை பிடிப்போரின் இரத்தத்திலும் இதே சாட்சி உண்டு; விடுதி நண்பர்கள் சிலர் கோபிக்க வேண்டாம்.

சிற்றுயிர்களை இந்நஞ்சு விரைவில் தாக்கும் என்று கண்டு, சுரங்கத்துக்குள் சுண்டெலியோ சிறு பறவையோ கொண்டு செல்லச் சொன்னவரும் அவரே. பிரிட்டனின் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986வரை பணியாற்றின.

மகனையும் விட்டுவைக்கவில்லை. சிறுவனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, ஷேக்ஸ்பியர் நாடகத்து ஆண்டனியின் உரையை நின்றபடி ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சிரைத்து விழுந்தான் பையன். தரையில் மூச்சு சீரானது. மீதேன் காற்றினும் லேசானது, மேலேதான் தங்கும் என்பது புரிந்தது. நம் ஆங்கில விரிவுரையாளர்கள் இம்முறையைக் கையாளாதது நம் பாக்கியம்!

1915இல் போர்முனையில் நச்சுவாயு வீசப்பட்டபோது பிரான்சுக்கு விரைந்து, அது குளோரின் என்று அறிந்து சொன்னார். 1936 மார்ச்சில், 75ஆம் வயதில், நிமோனியாவால் மறைந்தார்.

சுரங்கத்தில் விழுந்த அந்தச் சிறுவன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி அவரது உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பாடத்துக்கு அளிக்கப்பட்டது.